நாய் ஓயாமல் குரைக்கிறதா? டெல்டா வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் நாய் வளர்ப்பவர்களும், அவர்களைவிட அதிகமாக அண்டை வீட்டுக்காரர்களும் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாரும் "எப்படி அடக்குவது" என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: குரைத்ததால் அந்த நாய்க்கு என்ன கிடைத்தது? கீழே உள்ள பதில்களில் பாதி இதைச் சுற்றித்தான்.

எவ்வளவு குரைத்தால் 'அதிகம்' என்று சொல்லலாம்?

வாசலில் ஆள் வந்ததும் நாலைந்து முறை குரைத்துவிட்டு, வீட்டுக்காரர் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் நாயிடம் ஒரு குறையும் இல்லை. வந்தவர் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்து முடித்த பிறகும் குரைத்தால், யாருமே இல்லாதபோது ஒரே தாளத்தில் அரைமணி நேரம் குரைத்தால், இரவு 10 மணிக்கு மேல் நித்தமும் குரைத்தால், கவனிக்க வேண்டிய விஷயம். நிமிடக் கணக்கைவிட நல்ல அளவுகோல் ஒன்று உண்டு: நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறதா? நிறுத்தும் நாய் நல்ல காவல் நாய். குரைக்கவே கூடாது என்பவர்கள் மீன் வளர்க்கலாம்.

எதற்குக் குரைக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். நேரம், இடம், குரைப்பதற்குச் சற்று முன் நடந்தது, எவ்வளவு நேரம், எதனால் நின்றது. இப்படி இருக்கும்:

காலை 6.40. வாசல் கிரில். பால்காரர் வண்டி. ஒரு நிமிடம். அவர் போனதும் நின்றது.

மதியம் 1.15. சமையலறை நிலை. சாப்பிட உட்கார்ந்தோம். மூன்று நிமிடம். அப்பளம் போட்டதும் நின்றது.

இரவு 11.20. கொல்லைக் கதவு. மட்டை விழுந்த சத்தம். பத்து நிமிடம். தாத்தா எழுந்து டார்ச் அடித்து, தட்டிக்கொடுத்துவிட்டு வந்ததும் நின்றது.

கடைசி வரியைப் படியுங்கள். அதுதான் நாய்க்குக் கிடைத்த கூலி. பால்காரர் எப்படியும் கிளம்பத்தான் போகிறார். நாய் கணக்கில் அது விரட்டியதால் ஓடினார். நாளைக்கு இன்னும் உற்சாகமாக விரட்டும். மதியம் கிடைத்தது அப்பளம். இரவு கிடைத்தது துணைக்கு ஓர் ஆள். மூன்றும் ஒரே நாய், ஒரே தொண்டை, ஆனால் மூன்று தனி வைத்தியம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓர் அதட்டல் போடுவதால்தான் எதுவும் நிற்பதில்லை.

சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்க முடியாதா?

ஓரளவு முடியும். இரண்டு மூன்று குரைப்பு, சிறு இடைவெளி, மறுபடி இரண்டு மூன்று என்றால் "யாரோ வருகிறார்கள்". இடைவெளியே இல்லாமல் வேகமாகப் போனால் ஆள் நெருங்கிவிட்டார். ஒற்றைக் குரைப்பு, நிறுத்தம், ஒற்றைக் குரைப்பு என்று மணிக்கணக்கில் நீண்டால் தனிமை அல்லது சலிப்பு. கீச்சென்ற குரலோடு முன்னங்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கினால் விளையாட்டுக்கு அழைக்கிறது. அடித்தொண்டையில் உறுமி, உடம்பு விறைத்து, வாய் இறுக மூடியிருந்தால் அருகே போகாதீர்கள்.

தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் பார்த்துக் குரைக்கிறது. என்ன செய்யலாம்?

பயிற்சிக்கு முன்னால் பார்வையை மறையுங்கள். கிரில் கேட்டின் அடிப்பகுதியில், நாய் நின்றால் அதன் தலைக்கு ஒரு சாண் மேலே வரைக்கும், கீற்றுத் தட்டியோ பச்சை நிழல்வலையோ கட்டுங்கள். சாதாரணமாக மூன்றரை நான்கு அடி உயரம் போதும். நிழல்வலையை இரண்டு மடிப்பாகக் கட்டினால்தான் மறைப்பு. ஒற்றை மடிப்பில் நிழலாட்டம் தெரியும், அது இன்னும் மோசம். தட்டியில் ஒரு கையளவு ஓட்டை இருந்தாலும் நாய் அந்த ஓட்டையிலேயே குடியிருக்கும்.

அடுத்து, ஆள் வரும்போது போய் உட்கார அதற்கு ஓர் இடம். பழைய சாக்கை நான்காக மடித்து வாசலிலிருந்து எட்டுப் பத்தடி உள்ளே போடுங்கள். யாரும் வராத நேரத்தில் சாக்கின் மேல் தீனியை வீசி, நாய் அதில் கால் வைத்ததும் "இடம்" என்று சொல்லுங்கள். சொல்லைக் கேட்டுத் தானாகப் போக ஆரம்பித்த பிறகு, உட்கார்ந்திருக்கும் நேரத்தை 5 விநாடி, 10, 20, ஒரு நிமிடம் என்று நீட்டுங்கள். அதற்குப் பிறகுதான் வீட்டு ஆள் ஒருவரை வெளியே அனுப்பிக் கதவைத் தட்டச் சொல்ல வேண்டும். நிஜ விருந்தாளி எல்லாவற்றுக்கும் கடைசி. பலர் நேராக விருந்தாளியில் ஆரம்பித்துவிட்டு "இது கேட்காது" என்று விட்டுவிடுகிறார்கள்.

பால்காரர், தபால்காரர், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கணக்கு எடுக்க வருபவர் ஆகியோரை நாயின் கூட்டாளியாக்கவும் வழி உண்டு. அவர்கள் கையாலேயே, கேட்டுக்கு வெளியிலிருந்து, நாய் வாய் மூடியிருக்கும் ஒரு நொடியில் ஒரு துண்டு முட்டையைத் தூக்கிப்போடச் சொல்லுங்கள். கையில் வைத்து ஊட்ட வேண்டாம். பயந்த நாய் தீனிக்காக நெருங்கி வந்து, தின்று முடித்ததும் கையைக் கடிக்கும்.

"போதும்" என்றால் நிறுத்தப் பழக்குவது எப்படி?

சாப்பாட்டுக்கு முன், நாய் பசியோடு இருக்கும் நேரம். உப்பு, மசாலா, வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்த கோழியை நிலக்கடலைப் பருப்பு அளவில் நறுக்கி ஒரு கிண்ணம். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். முட்டை பரவாயில்லை.

ஒருவர் கதவைத் தட்டட்டும். நாய் இரண்டு மூன்று முறை குரைக்கட்டும். அது அதன் வேலை. நீங்கள் அருகில் போய், சாதாரணக் குரலில் ஒரே ஒரு முறை "போதும்" என்று சொல்லி, துண்டை அதன் மூக்கு நுனியில் பிடியுங்கள். முகர ஆரம்பித்தால் குரைப்பு நின்றுவிடும். இரண்டையும் ஒன்றாகச் செய்வது நாய்க்குக் கடினம். அமைதியாக இரண்டு விநாடி போனதும் கொடுங்கள். இதைப் பத்துப் பன்னிரண்டு முறை செய்த பிறகு, துண்டை மூக்கில் காட்டாமல் சொல்லை மட்டும் சொல்லிப் பாருங்கள். நிறுத்தினால் கொடுங்கள். பிறகு கொடுக்கும் இடைவெளி 3 விநாடி, 5, 8, நடுவில் ஒருமுறை 4, அடுத்து 12 என்று ஏறி இறங்கிப் போகட்டும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை. தீனி முழுவதும் சேர்த்து அன்றைய சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது.

இதில் தவறுவது மூன்று இடத்தில். முதலாவது, "டேய் சும்மா இரு, சும்மா இருடா" என்று கத்துவது. வீட்டுக்காரரும் சேர்ந்து குரைக்கிறார் என்றே நாய் எடுத்துக்கொள்ளும். இரண்டாவது, பத்து முறை "போதும் போதும்" என்று சொல்வது. பத்தாவதுக்குத்தான் நிறுத்த வேண்டும் என்று கற்றுக்கொள்ளும். மூன்றாவதுதான் சூட்சுமமானது. சில நாய்கள் வேண்டுமென்றே குரைத்து, "போதும்" சொல்லவைத்து, தீனி வாங்கும். குரைக்காமலேயே ஆளைப் பார்த்துவிட்டு உங்களிடம் திரும்பும் தருணத்தில் இரண்டு மடங்கு கொடுங்கள். குரைத்தால் ஒன்று, குரைக்காவிட்டால் இரண்டு என்று அதற்கே கணக்குப் புரிந்துவிடும்.

சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக் குரைக்கிறது. கண்டுகொள்ளாமல் விட்டேன், இன்னும் கூடிவிட்டது.

கூடத்தான் கூடும். இதுவரை ஐந்து குரைப்புக்கு அப்பளம் விழுந்தது. இன்று விழவில்லை என்றால் ஐம்பது குரைத்துப் பார்க்கும். அந்த உச்சம் சில நாள்தான். அந்த நாள்களில் பாட்டி மனமிரங்கி ஒரு துண்டு போட்டால், ஐம்பது குரைத்தால் கிடைக்கும் என்று பாடம் ஏறிவிடும். வீட்டில் எல்லாரும் ஒரே முடிவில் இருக்க முடியாது என்று தெரிந்தால் இந்த வழியில் இறங்காதீர்கள். அதைவிட, நீங்கள் உட்காருவதற்குப் பத்து நிமிடம் முன்பே நாய்க்குச் சாப்பாடு வைத்துவிடுங்கள். பாதிப் பிரச்சினை அதோடு தீரும்.

இரவில் கொல்லைப் பக்கம் பார்த்துக் குரைத்துக்கொண்டே இருக்கிறது. அங்கே ஒன்றுமே இல்லையே?

நமக்கு ஒன்றுமில்லை. மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நாய்க்காது சுமார் 45,000 வரை. டெல்டா கொல்லையில் இரவு நடமாட்டத்துக்குப் பஞ்சமில்லை: வைக்கோல்போரில் எலி, சாக்கடையில் பெருச்சாளி, தென்னையிலிருந்து ஓட்டுக்கூரைக்குத் தாவும் மரநாய், வாய்க்கால் கரையில் நரி. வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் வளையில் இருப்பதெல்லாம் மேட்டுக்கு ஏறும். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்குப் பின் கடைமடைக்குத் தண்ணீர் சேரும் வாரங்களிலும், ஐப்பசி அடைமழையிலும் கொல்லைக் குரைப்பு கூடினால் ஆச்சரியமில்லை.

ஒரு வகையை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். ஒரே புள்ளியைப் பார்த்து, முன்னால் பாய்ந்து பின்னால் குதித்து, வட்டமிட்டுக் குரைத்தால் அங்கே பாம்பு இருக்க வாய்ப்பு அதிகம். செருப்பில்லாமல் இறங்காதீர்கள். டார்ச் அடித்து, நாயைப் பெயர் சொல்லிப் பின்னுக்குக் கூப்பிடுங்கள். கடிபட்டிருந்தால் கயிறு கட்டுவது, கீறுவது, மஞ்சள் அரைத்துப் பூசுவது எதுவும் வேண்டாம். அதிகம் நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்த்துத் தயாராகும் அதே முறிவு மருந்துதான் நாய்க்கும்.

மற்றபடி, படுக்கும் இடத்தை மாற்றுங்கள். பழைய வீடாக இருந்தால் இரவுக்குச் சிறந்த இடம் ரேழி, அதாவது வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள நடை: தெருவும் தெரியாது, கொல்லையும் தெரியாது, காற்றும் வரும். முற்றத்தில் கட்டாதீர்கள். நான்கு சுவரில் மோதிச் சத்தம் மேலே எழும்பும். கும்பகோணம் தெருக்களைப்போல் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். கொல்லையில் எச்சில் சோறு கொட்டுவதை நிறுத்தினால் பெருச்சாளியும் குறையும். பெருச்சாளி குறைந்தால் பாம்பும் குறையும்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால் குரைக்கிறது என்று அடுத்த வீட்டில் சொல்கிறார்கள். எங்கள் முன்னால் சாதுவாக இருக்கிறதே?

ஒரு பழைய போனை வீடியோவில் வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். இரண்டு வகை தெரியும். முதல் வகை, நீங்கள் போய் வெகு நேரம் தூங்கிவிட்டு, தெருவில் ஏதோ கேட்டு எழுந்து குரைப்பது. அது சலிப்பு. இரண்டாம் வகை, கதவு பூட்டிய சில நிமிடங்களிலேயே கதவைப் பிறாண்டி, எச்சில் வடிய, நடந்துகொண்டே குரைத்து முனகுவது. வைத்த கறியைக்கூடத் தொடாது. இது பிரிவுப் பதற்றம், அதாவது பயம். அடம் இல்லை. இதற்குத் தண்டனை கொடுத்தால் பயம் இரட்டிப்பாகும்.

சலிப்புக்கு மருந்து எளிது. கிளம்புமுன் அரைமணி நடை, பிறகு மெனக்கெட்டுத் தின்ன ஒரு வேலை. கொட்டாங்குச்சியின் விளிம்பை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, நார் இல்லாமல் வழித்து, உப்பில்லாத தயிர்ச்சோறும் கோழித் துண்டும் அழுத்தி, ஃப்ரீசரில் இரவெல்லாம் வையுங்கள். காலையில் கொடுத்தால் நக்கி முடிக்க நேரமாகும். கடித்து உடைக்கும் நாயாக இருந்தால் கொட்டாங்குச்சி கூடாது, சில்லு தொண்டையில் குத்தும். கனமான எவர்சில்வர் கிண்ணத்தில் உறையவைத்துக் கொடுங்கள். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு எதிலும் சேரக் கூடாது.

பதற்றத்துக்கு நாள் பிடிக்கும். சாவியை எடுங்கள், செருப்பைப் போடுங்கள், மறுபடி வந்து உட்காருங்கள். இதற்கு நாய் காதைக்கூட அசைக்காத நிலை வந்த பிறகு, வெளியே போய் 5 விநாடியில் திரும்புங்கள். பிறகு 10, 30, ஒரு நிமிடம், மூன்று, ஐந்து. ஒவ்வொரு முறையும் அது குரைப்பதற்கு முன் நீங்கள் உள்ளே இருக்க வேண்டும். முதல் அரைமணியைத் தாண்டவைப்பதுதான் கஷ்டம். அதற்குப் பின் வேகமாக நீட்டலாம். இந்த வாரங்களில் நாயைத் தனியே விட்டுக் கல்யாணத்துக்குப் போகாதீர்கள். ஒரு நாள் கதறவிட்டால் பழைய இடத்துக்கே வந்துவிடும். கடுமையானதாக இருந்தால் மருத்துவர் ஃப்ளூஆக்ஸிடின் போன்ற மாத்திரை எழுதலாம். அது பலன் தர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பயிற்சியோடு சேர்த்துத்தான் உதவும். மனிதர் சீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை நீங்களே கொடுப்பது ஆபத்து.

நாள் முழுக்கக் கட்டித்தான் வைக்கிறோம். அதனால் குரைக்குமா?

கண்டிப்பாக. ஆள் வந்தால் விலகவும் முடியாது, முகர்ந்து பார்க்கவும் முடியாது. மிச்சமிருப்பது குரைப்பு ஒன்றுதான். கட்டாமல் முடியாது என்றால் ஓடுகம்பி போடுங்கள். இரண்டு கல்தூணுக்கு நடுவே 20 முதல் 30 அடி, ஆறேழு அடி உயரத்தில் 4 மி.மீ. கம்பியை இழுத்துக் கட்டி, அதில் ஒரு வளையம் கோத்து, வளையத்தில் சங்கிலி. கம்பியில் இரண்டு பக்கமும் தூணுக்கு நான்கடி முன்னால் ஒரு தடுப்புக் கிளாம்பு வேண்டும். இல்லாவிட்டால் நாய் தூணைச் சுற்றிச் சுற்றிக் கழுத்தை இறுக்கிக்கொள்ளும். சங்கிலி நுனியில் சுழலும் கொக்கி. கழுத்துப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். ஒரு முனையில் நிழலும் தண்ணீரும். காய்க்கிற தென்னைக்கு அடியில் மட்டும் வேண்டாம். தேங்காய் விழுந்தால் நாய் பிழைக்காது.

சட்டமும் இதைச் சொல்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி, நியாயமற்ற அளவு குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டிவைப்பதும், எப்போதும் கட்டிப்போடும் நாயை நடமாடவிடாமல் புறக்கணிப்பதும் குற்றம்.

மழைக்காலத்தில் கூடுகிறதே?

நடை நின்றுபோவதால். ஐப்பசி, கார்த்திகையில் தெருவெல்லாம் சேறு. நாய் பத்து நாள் வெளியே போகாது, சக்தி எல்லாம் தொண்டைக்குப் போகும். வீட்டுக்குள்ளேயே கால்மணி நேரம் மூக்குக்கு வேலை கொடுங்கள். மூன்று நான்கு பாத்திரங்களைக் கவிழ்த்து ஒன்றில் தீனி மறைப்பது, சாக்கு மடிப்புகளில் துண்டுகளை ஒளித்துத் தேடச் சொல்வது. ஈரத்தில் காதுக்குள் சீழ் பிடிப்பதும், உண்ணி ஏறுவதும் இந்த மாதங்களில்தான். தலையை உதறிக்கொண்டே குரைக்கும் நாயின் காதை முதலில் முகர்ந்து பாருங்கள்.

தீபாவளி வெடி, கோயில் வாணவேடிக்கை, சாவு ஊர்வல வெடி?

ஆவணியிலேயே ஆரம்பிக்க வேண்டும். வெடிச்சத்தப் பதிவைப் போனில், உங்களுக்கே அரைகுறையாகக் கேட்கும் அளவில் வைத்து, அது ஒலிக்கும்போது மட்டும் கோழித் துண்டு. ஒலி நின்றதும் கோழியும் நிற்க வேண்டும். நாய் நிம்மதியாகத் தின்றால் அடுத்த நாள் ஒரு புள்ளி கூட்டுங்கள். தின்ன மறுத்தால் இரண்டு புள்ளி குறையுங்கள்.

தீபாவளி அன்று மாலை 5 மணிக்குள் நடையும் சாப்பாடும் முடியட்டும். உள் அறை, ஜன்னல் சாத்தி, மின்விசிறியும் டிவியும் ஓட, ஓர் ஆள் கூட இருக்க வேண்டும். பயந்து ஒட்டிக்கொண்டால் தடவிக்கொடுங்கள். அதனால் பயம் வளரும் என்பது தவறு. மிரண்ட நாய் கதவிடுக்கில் பாய்ந்து பல ஊர் தாண்டிவிடும், ஆகவே கழுத்துப்பட்டையில் போன் நம்பர் எழுதி வையுங்கள். அளவுக்கு மீறிப் பயப்படும் நாய்க்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். அசிப்ரோமசின் என்ற மயக்க மாத்திரையை மட்டும் கொடுத்தால் உடம்பு அசையாது, பயம் அப்படியே உள்ளே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அமைதி; அதனால்தான் அது இன்றும் கேட்டு வாங்கப்படுகிறது.

அறுவடைக் காலத்தில் ராத்திரி முழுக்கக் குரைக்கிறது.

குறுவைக்கும் சம்பாவுக்கும் மெஷின் இறங்கும் ராத்திரியில் யார் நாயும் தூங்காது. அது ஓரிரு நாள் கதை, விட்டுவிடுங்கள். அறுப்பு முடிந்த வயலில் வாத்துக்கூட்டம் இறங்குவதும், கோடையில் ராமநாதபுரம் பக்கத்து ஆட்டுக்கிடை வந்து தங்குவதும் வேறு கதை. கிடையோடு காவல் நாய்களும் வரும், அவை இரவெல்லாம் குரல் கொடுக்கும், உங்கள் நாய் பதில் சொல்லும். கிடை இருக்கும் நாள்களில் உங்கள் நாயை வயல் பக்கமாகப் படுக்கவிடாதீர்கள், அவிழ்த்தும் விடாதீர்கள்.

மோட்டார் கொட்டகையிலும் களத்துமேட்டிலும் காவலுக்கு இருக்கும் நாய் குரைத்துத்தான் ஆக வேண்டும். அதற்கு "போதும்" மட்டும் கற்றுக்கொடுங்கள், குரைப்பைக் குறைக்கும் மற்ற எதையும் செய்யாதீர்கள்.

நாய் ஊளையிட்டால் சாவு விழும் என்கிறார்களே?

சாவு வீட்டில் சங்கும் சேகண்டியும் ஒலிக்கும். அந்த நீண்ட, ஏற்ற இறக்கமுள்ள ஒலிக்கு நாய் சேர்ந்து ஊளையிடும். ஆம்புலன்ஸ் சைரனுக்கும் அப்படியே. சாவு முதலில், ஊளை பிறகு. ஊர் நினைவில் வரிசை மாறிவிட்டது. தனியாகக் கட்டப்பட்ட நாயும், அருகில் பெட்டை பருவத்துக்கு வந்தால் கடுவனும் ஊளையிடும்.

ஷாக் பட்டை, வாய்க்கூடு, தண்ணீர் தெளிப்பது?

குரைத்தால் கழுத்தில் மின்னதிர்ச்சி தரும் ஷாக் பட்டை வேண்டாம். பேரப்பிள்ளை கேட்டைத் திறக்கும்போது நாய் குரைக்கிறது, கழுத்தில் சுரீரென்கிறது. வலி யாரால் வந்தது என்று நாய் நினைக்கும்? குரைப்பால் என்று அல்ல, அந்தப் பிள்ளையால் என்று. குரைத்துவிட்டுக் கடித்த நாய் பிறகு குரைக்காமலேயே கடிக்கும். பக்கத்து வீட்டு நாயின் குரலுக்கே அடிக்கும் மலிவுப் பட்டைகளும் உண்டு.

வாயை இறுக்கிக் கட்டும் துணிக்கூடு சித்திரை வெயிலில் உயிருக்கே உலை. நாய் நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். கூடு தேவைப்படுவது மருத்துவரிடம் போகும்போது, அதுவும் வாய் திறந்து மூச்சு வாங்கும்படியான கம்பிக்கூடு. தண்ணீர் தெளிப்பதும் கம்பை ஓங்குவதும் அந்த நிமிடம் வேலை செய்யும். கம்போடு ஆள் இருக்கும் வரை மட்டும்.

கருத்தடை செய்தால் குறையுமா? எந்த இனம் குறைவாகக் குரைக்கும்?

பெட்டையைத் தேடி ஊளையிடுவதும் சுற்றுவதும் குறையும். வாசல் குரைப்பு அப்படியே இருக்கும். இனம் என்று பார்த்தால், இங்கே பொமரேனியன் என்று விற்கப்படும் வெள்ளை ஸ்பிட்ஸும் டேஷண்டும் வாயாடிகள். சிப்பிப்பாறையும் கன்னியும் சற்று அமைதி, ஆனால் ஓட இடம் வேண்டும். எந்தக் குட்டியானாலும் 3 முதல் 14 வாரத்துக்குள் குடை, ஹெல்மெட், வண்டி, கைத்தடி, குழந்தை எல்லாவற்றையும் நல்லபடியாகப் பார்த்துவிட்டால் பெரிய பிறகு பாதிக்குக் குரைக்காது. தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்க வேண்டாம், தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

தெருநாய்கள் ஆரம்பிக்கின்றன, எங்கள் நாய் தொடர்கிறது.

கல்யாண மண்டபத்து எச்சில் இலை, கறிக்கடைக் கழிவு, இரண்டில் ஒன்று அருகில் இருக்கும். அங்கே இரவு பத்து பதினொன்றுக்குக் கூட்டம் சேர்ந்து சண்டை நடக்கும். ஊராட்சியிலோ நகராட்சியிலோ கழிவை அன்றே அள்ளச் சொல்லிக் கேளுங்கள். நாயைப் பிடிக்கச் சொல்வதைவிட அது சீக்கிரம் பலன் தரும். சோறு வைப்பவர்கள் யார் வீட்டு வாசலிலும் வைக்காமல், ஒதுக்குப்புறமான ஓரிடத்தில், பொழுது சாய்வதற்குள் வைக்கட்டும். 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாய்க்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போடுவது உள்ளாட்சியின் பொறுப்பு. ஒரு தெரு நாய்களை வண்டியில் ஏற்றி வேறு ஊரில் விட்டால் காலி இடத்துக்குப் புது நாய்கள் வரும், எல்லைச் சண்டை முதலிலிருந்து தொடங்கும்.

பக்கத்து வீட்டு நாய்தான் பிரச்சினை. எங்கே போய்ச் சொல்வது?

முதலில் அவர்களிடமே. ஆனால் "உங்க நாய் தொல்லை தாங்கல" என்று போகாதீர்கள். எந்த நேரம், எவ்வளவு நேரம் என்று எழுதிய தாளோடு போங்கள். அவர்கள் வீட்டில் இல்லாதபோதுதான் குரைக்கிறது என்றால் அவர்களுக்கே தெரிந்திருக்காது. வேலிப் பக்கம் உங்களைப் பார்த்துத்தான் குரைக்கிறது என்றால் அவர்கள் சம்மதத்தோடு நாலு நாள் முட்டைத் துண்டு போட்டுப் பழகுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் ஊராட்சி அல்லது நகராட்சிக்கு எழுத்தில் புகார். பொதுத்தொல்லையை நீக்க உத்தரவிடும் அதிகாரம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் கோட்டாட்சியருக்கு உண்டு; பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133. ஒலி மாசு விதிகள் 2000-இன்படி குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் அளவு என்பதையும் மனுவில் குறிப்பிடலாம். விஷம் வைப்பது, வெட்டுவது ஆகியவை பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 325-ஆம் பிரிவின் கீழ் ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம். கோபத்தில் செய்துவிட்டு வழக்கில் மாட்டுவது நீங்களாக இருக்கும்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

இதுவரை குரைக்காத நாய் திடீரென்று ஆரம்பித்தால். ஒன்பது பத்து வயதுக்கு மேல் இரவில் சுவரைப் பார்த்துக் குரைத்தால், பழகிய அறையில் மூலையில் மாட்டிக்கொண்டு நின்றால். முதுமையில் மூளை தடுமாறுவதும், காது மந்தமாவதும், மூட்டு வலியும் இப்படித் தெரியும். வலிக்கு என்று பாராசிட்டமாலோ இபுபுரூஃபனோ கொடுத்துவிடாதீர்கள், இரண்டும் நாய்க்கு விஷமாகலாம். உள்ளூர் கால்நடை மருத்துவமனையில் தீராதவற்றுக்கு ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குரைப்பு நோட்டையும் போன் வீடியோவையும் எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவர் அறையில் எந்த நாயும் வீட்டில் குரைப்பதுபோல் குரைத்துக் காட்டாது.

குரல் மட்டும் மாறி, கம்மிய ஊளைபோல் ஆகி, எச்சில் வடிந்து, தண்ணீர் விழுங்கத் தடுமாறி, காரணமில்லாமல் கடிக்க வந்தால் அது வெறிநோயாக இருக்கலாம். எலும்பு மாட்டியிருக்கிறதோ என்று வாய்க்குள் கைவிட வேண்டாம். அறையில் பூட்டிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். கடியோ பிறாண்டலோ எச்சில் பட்ட காயமோ இருந்தால் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசியைத் தொடங்குங்கள். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் நான்கு தவணை. ஆழமான காயம் என்றால் அதோடு உடனடிப் பாதுகாப்பு தரும் எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டியிருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள்.